சுகர் என்று தெரிந்ததும் சாப்பாட்டில் நடக்கும் தவறுகள்

எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரை நிலையைச் சொல்லும் ரத்தச் சோதனை) 6.5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, டாக்டரும் சர்க்கரை நோய்தான் என்று சொல்லிவிட்டார் என்றால், அன்று மாலையே வீட்டில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். சர்க்கரை டப்பா மேல் அலமாரிக்குப் போகும், காபி டீ எல்லாம் சர்க்கரை இல்லாமல் வரும், இனிப்பு என்று பெயருள்ள எதற்கும் தடை விழும். செய்ய வேண்டியதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அத்தோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோமே, அதிலிருந்துதான் மற்ற தவறுகள் பலவும் கிளம்புகின்றன.

நாக்குக்கு இனிக்காத ஒன்று ரத்தத்தில் சர்க்கரையாகும் என்று மனசு ஏற்றுக்கொள்வதில்லை. சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, நூடுல்ஸ் எதுவானாலும் அதிலுள்ள மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) செரித்து குளுக்கோஸாகத்தான் ரத்தத்தில் கலக்கிறது. ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 4 கிராம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. நல்ல பசியில் தட்டில் போட்டுக்கொள்ளும் சோறு சாதாரணமாக 300 கிராம் வந்துவிடும், அதாவது 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, கணக்குப் போட்டால் 20 தேக்கரண்டி சர்க்கரைக்குச் சமம். டீயில் இரண்டு கரண்டியைக் குறைத்துவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டால் சர்க்கரை பார்க்கும் மீட்டரில் எண் இறங்கவில்லையே என்று குழம்பத்தான் வேண்டும்.

அடுத்தது, பொருளை மாற்றிவிட்டு அளவை மறந்துவிடுவது. அரிசியை விட்டுக் கோதுமைக்கு மாறிவிட்டேன், ஓட்ஸுக்கு மாறிவிட்டேன் என்பார்கள். வேகாத நிலையில் 100 கிராமுக்குப் பார்த்தால் அரிசியில் சுமார் 80 கிராம் மாவுச்சத்து, முழுக் கோதுமை மாவில் 72-ஐ ஒட்டி, ஓட்ஸில் 66-ஐ ஒட்டி. முழுத் தானியத்தில் நார்ச்சத்து அதிகம், அதனால் சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறும், அந்த நன்மை உண்மைதான். ஆனால் 'இது சுகருக்கு நல்லது' என்ற தைரியத்தில் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு கூடுதலாக உள்ளே போனால் அந்த நன்மை அங்கேயே காலி. தேன் கதையும் இதேதான். தேன் கெட்டியானது என்பதால் ஒரு தேக்கரண்டி தேனில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைவிட மாவுச்சத்து சற்று அதிகமாகவே இருக்கிறது. பழுப்புச் சர்க்கரைக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் ரத்தத்தைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் கிடையாது. 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டில் சர்க்கரை இல்லாமல் இருக்கலாம், மாவு இல்லாமல் பிஸ்கட் ஏது? பாக்கெட்டின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருப்பதை விட்டுவிட்டு, பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் 'மொத்த கார்போஹைட்ரேட்' என்ற வரியைப் பாருங்கள், அது எத்தனை கிராமுக்கு, எத்தனை துண்டுக்குச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அட்டவணைகளை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேகாத அரிசி வெந்ததும் தண்ணீரை இழுத்துக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடையாகிவிடும், அதனால் எண் எந்த நிலைக்குச் சொல்லப்பட்டது என்று தெரியாமல் எடுத்தால் கணக்கே தலைகீழாகிவிடும்.

பழம் விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. சிலர் பழமே தொடுவதில்லை, சிலர் சர்க்கரை சேர்க்காத ஜூஸ்தானே என்று ஒரு பெரிய டம்ளர் குடித்துவிடுகிறார்கள். ஒரு ஆரஞ்சைச் சுளை சுளையாகச் சாப்பிட்டால் சுமார் 15 கிராம் மாவுச்சத்து, கூடவே நார்ச்சத்து, வயிறும் கொஞ்சம் நிறையும். அதே பழத்தின் சாறு 240 மில்லி என்றால் 26 கிராம் வரை, ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடும், வேகமாக ஏறவும் செய்யும். பழமாக, ஒரு நேரத்துக்கு ஒன்று என்று சாப்பிடுங்கள், பயப்பட வேண்டாம்.

இப்போது எதிர்ப்பக்கம். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பயத்தில் ஒரே நாளில் மாவுச்சத்தை முழுக்க நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவது டைப் 2 (பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும், மிகப் பரவலான வகை) உள்ள பலருக்கும் பலன் தருகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது ஆபத்தாகவும் ஆகும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை மிகவும் கீழே போவது அபூர்வம். கிளிமிபிரைட், கிளிக்ளசைடு மாதிரி மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் பாதியாக்கினால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே (மி.கி./டெ.லி. கணக்கில்) இறங்கிவிடலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடி, மீட்டரில் எண் பெரிதாக ஏறாமலே உயிருக்கு ஆபத்தான நிலை வரலாம். அதனால் சாப்பாட்டில் பெரிய மாற்றம் செய்வதற்கு முன்னால் டாக்டருக்கு ஒரு போன், அவ்வளவுதான். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

லோ சுகர் வந்தால் கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும், சிலருக்குப் பேச்சு குழறும். உடனே 15 கிராம் வேகமான சர்க்கரை வேண்டும்: அரை கப் ஜூஸ், அல்லது ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, அல்லது குளுக்கோஸ் மாத்திரை மூன்று நான்கு. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதே அளவு. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

இதில் புதியவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. பல மாதங்களாக 250, 300 என்றே பழகிய உடம்புக்கு 110 என்பதே தாழ்ந்த அளவாகத் தோன்றும், நடுக்கமும் படபடப்பும் அப்படியே வரும். ஐயோ இறங்கிவிட்டது என்று அள்ளிச் சாப்பிட்டால் பழையபடி மேலே போய்விடும். மீட்டர் பக்கத்தில் இருந்தால் முதலில் பார்த்துவிடுங்கள். சர்க்கரையை இறக்கும் மருந்து எடுப்பவராக இருந்து, பார்க்க வழியில்லை என்றால் மட்டும் லோ என்றே வைத்துக்கொண்டு சாப்பிடுங்கள். சில வாரங்களில் உடம்பு பழகிவிடும்.

சரி, மீட்டருக்கு வருவோம். காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பது மிகவும் பரவலான பழக்கம். அந்த எண், நீங்கள் இரவு சாப்பிட்டதை மட்டும் சொல்வதில்லை. விடியற்காலையில் கார்டிசால் முதலிய ஹார்மோன்கள் கூடும்போது கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை வெளியே விடும், அதனால் இரவில் பட்டினி கிடந்தவருக்குக்கூடக் காலையில் ஏறியிருக்கலாம். எந்தச் சாப்பாடு தனக்கு ஒத்துவருகிறது என்று தெரிய வேண்டுமானால் ஜோடியாகப் பாருங்கள்: சாப்பிடுவதற்கு முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. கர்ப்பிணிகள் அல்லாத பெரும்பாலான பெரியவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, பின்பு 180-க்குள் என்பது அமெரிக்க நீரிழிவு சங்கம் சொல்லும் இலக்கு, உங்களுக்கான எண்ணை உங்கள் டாக்டர் கொஞ்சம் மாற்றிச் சொல்லலாம். (சில நாடுகளில் மீட்டர் 7.2, 10 என்று காட்டும். அதை 18-ஆல் பெருக்கினால் இந்த எண்கள் வந்துவிடும்.) ஒரே சாப்பாட்டை இன்று ஒரு அளவு, இன்னொரு நாள் அதில் முக்கால் அளவு என்று சாப்பிட்டு இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த அட்டவணையும் சொல்லாததை அது சொல்லும், ஏனென்றால் ஒரே ரொட்டி ஒருவருக்கு 40 ஏற்றும், இன்னொருவருக்கு 90 ஏற்றும்.

விரலைக் கழுவாமல் குத்துவதும் சின்ன விஷயமில்லை. ஆரஞ்சு உரித்த கையோடு குத்திப் பாருங்கள், விரல் நுனியில் ஒட்டியிருக்கும் சாறே எண்ணைப் பல மடங்கு ஏற்றிக் காட்டிவிடும், அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஸ்பிரிட் தடவினால் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும், கை நன்றாகக் காய்ந்திருக்கவும் வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவை மூடி வையுங்கள், ஈரமும் வெயிலும் ஆகாது. அப்புறம், வீட்டு மீட்டருக்கு 15 சதவீதம் வரை முன்பின் காட்ட அனுமதி உண்டு. உண்மையான அளவு 150 என்றால் 128-உம் வரலாம், 172-உம் வரலாம். ஆகவே நேற்று 142, இன்று 151 என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எச்பிஏ1சி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்கின்றன, அவற்றில் ஒட்டிய சர்க்கரையைத்தான் இந்தச் சோதனை அளக்கிறது. இரண்டு வாரம் பத்தியம் இருந்துவிட்டு இதைப் பார்த்து ஏமாற வேண்டாம், மூன்று மாதம் பொறுங்கள். ரத்தசோகை இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், எண் தவறாகக் காட்டக்கூடும்.

சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களில் பார்வை மங்கினால் ஓடிப்போய்ப் புதுக் கண்ணாடி வாங்காதீர்கள். சர்க்கரை வேகமாக இறங்கும்போது கண்ணின் லென்ஸில் நீர் அளவு மாறும், சில வாரங்களில் பார்வை ஒரு நிலைக்கு வந்துவிடும், அதற்குள் வாங்கிய கண்ணாடி வீணாகும். டைப் 2 என்றால் விழித்திரைப் பரிசோதனையை மட்டும் இப்போதே செய்துகொள்ளுங்கள், ஏனெனில் கண்டுபிடிக்கும் முன்பே நோய் சில வருஷங்கள் சத்தமில்லாமல் இருந்திருக்கும்.

அப்படியானால் தட்டில் என்னதான் வைப்பது? பாதித் தட்டு காய்கறி (உருளைக்கிழங்கு இதில் சேராது), கால் தட்டு புரதம், கால் தட்டு சோறோ ரொட்டியோ. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் தொட்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் குறைகிறது, ஒரு ரூபாய் செலவில்லாத வழி. சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் நடந்தால் தசைகள் அந்தக் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். காலையும் மதியமும் எதுவும் சாப்பிடாமல் இருந்துவிட்டு எல்லாவற்றையும் இரவு ஒரே வேளையில் கொட்டுவது மட்டும் வேண்டாம்.

எண்கள் நன்றாக வர ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிற தவறும் உண்டு. அந்த எண்ணே மாத்திரையும் சேர்ந்து கொடுத்ததுதான். டைப் 2-ல் மருந்தில்லாமல் இருக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பிரிட்டனில் 2017-ல் வெளியான டைரக்ட் ஆய்வில், நோய் தெரிந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்களில், எடைகுறைப்புத் திட்டத்தில் சேர்ந்தோரில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்தில் மருந்தில்லாமலே எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்தது. அவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் அதைச் செய்தார்கள், எடை கணிசமாகக் குறைந்தவர்களுக்கே பலன் அதிகம். உங்களுக்கும் ஆசை இருந்தால் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். டைப் 1 (உடம்பு இன்சுலினையே சுரக்காத வகை) என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, இன்சுலினை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

காய்ச்சல், வாந்தி என்று படுத்திருக்கும் நாளிலும் இது பொருந்தும். சாப்பிடவில்லையே, எதற்கு இன்சுலின் என்று விட்டுவிடுகிறார்கள், ஆனால் நோய்த்தொற்று இருக்கும்போது சாப்பிடாமலே சர்க்கரை ஏறும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், வழக்கத்தைவிட அடிக்கடி மீட்டரில் பாருங்கள், மாத்திரைகளில் சிலவற்றை அந்த நாட்களில் நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால் எதைத் தொடர்வது, எதை விடுவது என்று டாக்டரிடம் உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி நிற்கவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது, குழப்பமாகப் பேசுகிறார் என்றால், மீட்டர் என்ன காட்டினாலும் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.