நடைமுறை ஆங்கிலத்தைக் கொண்டு கற்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாளிதழ், மருந்துப் புட்டியின் லேபிள், ரயில் கால அட்டவணை, மின்னஞ்சல் எனப் பாடநூலுக்கு வெளியே புழங்கும் ஆங்கிலத்தை வகுப்பறைக்குக் கொண்டுவர விரும்பும் ஆசிரியர்கள் சென்னையில் பலர் உண்டு. ஆனால் கொண்டுவந்த பிறகு அதையும் பாடநூலைப் போலவே நடத்திவிடுகிறார்கள். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

இருமல் மருந்துப் புட்டியை எடுத்துக்கொள்வோம். 'ஷேக் வெல் பிஃபோர் யூஸ்', 'கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்' என்று அதில் அச்சிட்டிருக்கும். அவ்வரிகளைக் கரும்பலகையில் எழுதி, வினைச்சொற்களுக்கு அடிக்கோடிடச் சொன்னால் அது வழக்கமான இலக்கணப் பயிற்சியாகிவிடும். வீட்டில் மூன்று வயதுத் தம்பி இருக்கிறான், இந்த மருந்தை எங்கே வைப்பாய், எந்த மாதத்துக்குப் பிறகு இதைக் கொடுக்கக் கூடாது என்று கேட்டால், மாணவர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அந்தப் பொடி எழுத்துகளைத் தேடிப் படிப்பார். ஒரு பனுவல் நடைமுறையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும், படிப்பவர் அதை அதற்குரிய நோக்கத்தோடு அணுகுகிறார் என்பதும் வேறு வேறு என மொழி கற்பித்தல் அறிஞர் விடோசன் 1978-லேயே பிரித்துக் காட்டியிருக்கிறார்.

அடுத்தது பனுவலைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழை. ஆங்கில நாளிதழ் என்றதும் தலையங்கத்தை நீட்டுவோர் ஒருபுறம், சிறியதாக இருப்பதால் எளியது என்றெண்ணித் தலைப்புச் செய்திகளைக் கொடுப்போர் மறுபுறம். உண்மையில் தலைப்புகளுக்கென்று தனி இலக்கணம் உண்டு. 'சி.எம். டு ஓப்பன் ஃப்ளைஓவர்' என்பது எதிர்காலம். 'த்ரீ ஹெல்ட் இன் தெஃப்ட் கேஸ்' என்பதில் 'வேர்' (were) என்ற ஆங்கிலத் துணைவினை மறைந்திருப்பதால், மூவர் எதையோ பிடித்தார்கள் என்று புதிதாகக் கற்பவர் புரிந்துகொள்வதில் வியப்பில்லை. தொடக்க நிலையினருக்குத் திரையரங்கக் காட்சி நேரமும் உணவக விலைப்பட்டியலும் இவற்றைவிடப் பொருத்தமானவை.

ஒரு கதைப் பகுதியைத் துணையின்றிப் புரிந்துகொள்ள, அதிலுள்ள 100 சொற்களில் ஏறத்தாழ 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது ஹூ, நேஷன் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின் முடிவு. இதை எல்லாவற்றுக்கும் பொருத்தி, கடினமான சொற்களையெல்லாம் நீக்கிச் சக்கையாக்கிய பகுதியைக் கொடுப்பதும் தவறே. சென்ட்ரலிலிருந்து கோவை செல்லும் கடைசி வண்டி எது என்று அட்டவணையில் தேடுபவருக்குப் பாதிச் சொற்கள் தெரியாவிட்டாலும் வேலை நடக்கும். ஆகவே, பனுவலை அப்படியே விட்டுவிட்டுக் கேள்வியை எளிதாக்குவதே சிறந்த வழி.

எழுத்துப் பயிற்சியில்தான் போலித்தனம் மிகுதி. தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சி ஆணையருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொல்கிறோம். அது ஆசிரியர் மேசையைத் தாண்டுவதில்லை. சென்னைவாசி அத்தகைய புகாருக்கு 1913 என்ற எண்ணை அழைப்பார், அல்லது தமிழிலேயே எழுதுவார் என்பது மாணவருக்கும் தெரியும். வாங்கிய பொருள் உடைந்து வந்ததை இணையக் கடைக்குத் தெரிவிக்கும் மின்னஞ்சல், ஆங்கில நாளிதழின் ஆசிரியருக்குக் கடிதம், வெளிமாநிலக் கல்லூரிக்கு விண்ணப்பம் ஆகியவற்றுக்கு ஆங்கிலம் உண்மையிலேயே தேவைப்படுகிறது, படிப்பதற்கும் ஒருவர் இருக்கிறார். எழுதியதை அனுப்பவும் வேண்டும். பதில் வந்தால் அதுவே அடுத்த வாசிப்புப் பாடம்.

முதல் வரைவிலேயே எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையால் சுழிப்பது இன்னொரு பழக்கம். பெறுபவருக்குச் செய்தி விளங்குமா என்பதை முதலில் பார்த்துவிட்டு, காலமும் எழுத்துக்கூட்டலும் அடுத்த சுற்றில் திருத்தப்படலாம். பெற்றோரின் மின்கட்டண ரசீதையோ வங்கிக் கடிதத்தையோ பாடப்பொருளாக்கினால், பெயர், முகவரி, கணக்கு எண் ஆகியவற்றை மறைத்த பிறகே நகலெடுக்க வேண்டும்.