பொலிஸ் விசாரித்தால் எதற்குப் பதில், எதற்கு மௌனம்

திருகோணமலையில் பொலிஸ் நிலையத்துக்கு வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டால், சாட்சியாகவா சந்தேகநபராகவா என்று முதலில் கேளுங்கள். பெயர், முகவரி, அடையாள அட்டையை மறைக்க வேண்டாம்.

படங்களில் வருவதுபோல எல்லாவற்றுக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க இங்கே சட்டம் விடாது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவுப்படி, வழக்குத் தொடர்பான கேள்விகளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். உங்களையே குற்றச்சாட்டில் மாட்டக்கூடிய கேள்விக்கு மட்டும் பதில் கட்டாயமில்லை. "இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை" என்று சொல்லி, அதையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். பொய் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

பலர் சறுக்குவது கையெழுத்தில்தான். நீங்கள் தமிழில் சொல்ல, எழுதுபவர் சிங்களத்தில் எழுதுவார். "எட்டு மணி போல" என்றது "எட்டு மணிக்கு" என்றாகிவிடும். பிறகு நீதிமன்றத்தில் அந்த முரண்பாட்டைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். தமிழில் வாசித்துக் காட்டும்வரை பேனையைத் தொடாதீர்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் வேண்டாம்.

பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாதாரண வழக்கில் உங்களுக்கெதிராகச் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு கதை: உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொன்னது சான்றாகலாம். அங்கே சட்டத்தரணி இல்லாமல் வாய் திறப்பது ஆபத்து.

கைதுசெய்தால் காரணம் சொல்ல வேண்டும். சாதாரண வழக்கில், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். மிரட்டல், அடி என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.