சனிக்கிழமை பிரிந்து சுற்றுங்கள், ஞாயிறு காலை சேர்ந்து சாப்பிடுங்கள்

காமிக்ஸ், ஜப்பானிய அனிமேஷன் ரசிகர்கள் கூடும் காமிக் கானுக்கோ அனிமே கானுக்கோ ஜோடியாகப் போக நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது டிக்கெட்டை. நான் முதலில் பார்க்கச் சொல்வது சாப்பாட்டு நேரத்தை. அந்த இரண்டு நாளில் ஒரு வேளையாவது நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, அவசரமில்லாமல் சாப்பிட வேண்டும். அது எந்த வேளை என்று முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அடுக்கிக்கொள்ளலாம்.

என் கணவருக்குப் பழைய காமிக்ஸ் என்றால் உயிர். எனக்கு அனிமேயும், கதாபாத்திரங்களைப் போல உடை போட்டு வரும் காஸ்ப்ளேவும். ஒன்பது வருடமாகச் சேர்ந்து போகிறோம். முதல் தடவை நாங்கள் போட்ட திட்டம் இதுதான்: சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பிரன்ச் (காலை, மதியச் சாப்பாட்டைச் சேர்த்த ஒரே வேளை), முடித்துவிட்டு அப்படியே கான். கதவு திறந்தது பத்து மணிக்கு. நாங்கள் போனபோது வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்து நின்றது. உள்ளே போகவே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அவர் ஆவலாகக் காத்திருந்த ஓவியரின் கையெழுத்து நேரம் முடிந்திருந்தது. நான் பார்க்க நினைத்த பேனலில், அதாவது மேடைக் கலந்துரையாடலில், இடம் இல்லை. அரங்கத்துக்குள் போனில் சிக்னலும் கிடைக்கவில்லை. ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டே மத்தியானம் போய்விட்டது. ஐந்து மணிக்கு மாடிப்படி ஓரத்தில் அவரைப் பார்த்தபோது இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. அவ்வளவு கோபம், அவ்வளவு பசி.

அதற்கப்புறம் பிரன்ச்சை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். அந்த ஒரு மாற்றத்தில் எல்லாம் சரியானது.

பிரன்ச் பிறந்ததே ஞாயிறுக்காகத்தான். 1895-ல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் ஒரு பத்திரிகையில் அதற்காக வாதாடி எழுதினார். ஞாயிறு காலை சீக்கிரம் எழுந்து, அப்புறம் கனமான மதிய உணவைச் சாப்பிடுவதற்குப் பதிலாக, தாமதமாக எழுந்து இரண்டையும் சேர்த்து ஒரே வேளையாகச் சாப்பிடலாமே என்பது அவர் கட்சி. சனிக்கிழமை இரவு நேரம் கழித்துத் தூங்குகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம் என்பதையும் அவர் விடவில்லை. நாள் முழுக்க கானில் நின்றுவிட்டு வந்தவர்களுக்கும் அது அப்படியே பொருந்தும்.

கானின் நடப்பும் அப்படித்தான். பெரும்பாலான இடங்களில் சனிக்கிழமைதான் கூட்டம் உச்சம். பெரிய விருந்தினர்கள், பெரிய பேனல்கள், காஸ்ப்ளே போட்டி எல்லாம் அன்றைக்கு வரும். ஞாயிறு காலை கூட்டம் மெதுவாகச் சேரும். பத்து மணிக்குப் பிரன்ச், பன்னிரண்டரைக்கு அரங்கம் என்று வைத்துக்கொண்டால் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள். ஆனால் டிக்கெட் வாங்கும் முன் நிகழ்ச்சி நிரலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். உங்களுக்கு உயிரான விருந்தினர் ஞாயிறு காலை மட்டும்தான் வருகிறார் என்றால் பிரன்ச்சைத் தயங்காமல் சனிக்கு மாற்றுங்கள். இந்த வார இறுதியே அவருக்காகத்தானே.

வெள்ளி இரவு ஒரு வேலை இருக்கிறது. இரண்டு பேரும் தனித்தனிக் காகிதத்தில் ஆளுக்கு மூன்று எழுதுங்கள். கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய மூன்று, அவ்வளவுதான். பத்து எழுதினால் மூன்றுகூட நடக்காது. அப்புறம் காகிதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அவருடைய மூன்றில் ஒன்றுக்கு நான் கூடப் போவேன், என்னுடைய மூன்றில் ஒன்றுக்கு அவர் வருவார். மீதி நான்கும் அவரவர் பாடு.

இங்கேதான் நிறைய ஜோடிகள் தயங்குகிறார்கள். சேர்ந்து வந்துவிட்டுப் பிரிந்து சுற்றுவதா என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது வருடம் கையெழுத்து வரிசையில் அவருக்கு முன்னால் ஐம்பது பேர் இருந்தார்கள். எனக்குக் காஸ்ப்ளே தையல் பற்றிய பயிற்சி தொடங்க இருபது நிமிஷம் இருந்தது. “ஏங்க, நானும் நிக்கட்டுமா?” என்றேன். “நீ போ. போய்ப் பார்த்துட்டு வந்து நாளைக்குச் சாப்பிடும்போது எனக்கு ஒண்ணு விடாம சொல்லு” என்றார். அன்றைக்கு நான் குறிப்பு எடுத்தது எனக்காக இல்லை, அவரிடம் சொல்வதற்காக. மறுநாள் மேசையில் காபி ஆறிப்போகும்வரை அவர் வரிசையில் நடந்ததைச் சொன்னார், நான் பயிற்சியில் கற்றதைச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றிருந்தால் சொல்ல ஒரு கதைதான் இருந்திருக்கும்.

பிரிவதற்கு முன் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் வாயால் சொல்லிவிடுங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கூரையின் கீழ் போனை எடுத்தால் நெட்வொர்க் திணறத்தான் செய்யும். “வாசல்ல பாக்கலாம்” என்று விட்டுவிடாதீர்கள், வாசல் நான்கு இருக்கும். ஒரு தூண் எண், ஒரு அரங்கின் பெயர் என்று குறியுங்கள். நாங்கள் இரண்டு மணிக்கு ஒரு தடவையும் ஐந்து மணிக்கு ஒரு தடவையும் சந்திப்போம். ஒருவர் வரவில்லை என்றால் பதினைந்து நிமிஷம் காத்திருந்துவிட்டு அடுத்த நேரத்துக்கு வரலாம். கோபப்படக் கூடாது என்பது ஒப்பந்தம். டிக்கெட், புகைப்பட டோக்கன், அரங்கின் வரைபடம் மூன்றையும் முந்தின இரவே இரண்டு போனிலும் இறக்கி வையுங்கள். நுழைவு டிக்கெட் வேறு, விருந்தினரோடு படம் எடுக்கும் டிக்கெட் வேறு, கையெழுத்து டிக்கெட் வேறு என்று பல இடங்களில் பிரித்துத்தான் விற்பார்கள். ஒன்றை வாங்கிவிட்டு எல்லாம் அடக்கம் என்று நினைத்துவிட வேண்டாம்.

விருந்தினரோடு படம் எடுப்பது சில வினாடி வேலை. முன்னால் இருக்கும் ஜோடி நகர்ந்ததும் பையை ஓரத்தில் வைக்க வேண்டும், நடந்து போய் நிற்க வேண்டும், வெளிச்சம் ஒரு தடவை அடிக்கும், முடிந்தது. எப்படி நிற்கப் போகிறோம் என்பதை வரிசையிலேயே பேசி வையுங்கள். ஒரு டிக்கெட்டில் எத்தனை பேர் நிற்கலாம் என்று விதியைப் படியுங்கள். இரண்டு பேர் சேர்ந்து நிற்க அனுமதி இருந்தால் ஒரு டிக்கெட் போதும்.

காஸ்ப்ளே போடுவதாக இருந்தால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பெரிய உடை போடுங்கள். இது என் அழுத்தமான அபிப்பிராயம். கவசமோ இறக்கையோ போட்டவரால் குனிய முடியாது, போனை எடுக்க முடியாது, சில நேரம் பக்கவாட்டில் பார்க்கக்கூட முடியாது. கூட ஒருவர் சாதாரண உடையில் வர வேண்டும். கான் வட்டாரத்தில் அவரை ஹேண்ட்லர் என்பார்கள். தண்ணீர் தருவது, படம் எடுக்கிறவர்களுக்கு இடம் ஒதுக்குவது, வாலை யாரும் மிதிக்காமல் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நாங்கள் சனி காலை பத்திலிருந்து ஒன்றுவரை இதற்கென்று ஒதுக்குவோம். ஒரு மணிக்கு உடையை மாற்றிவிட்டுத்தான் பிரிந்து சுற்றுவோம்.

ஒரு வருடம் ஈவா ஃபோம் என்ற இலேசான ரப்பர் மாதிரித் தகட்டில் தோள் கவசம் செய்திருந்தேன். மூன்று வாரத்து ராத்திரி வேலை. காரின் பின்சீட்டில் வெயிலில் வைத்துவிட்டுப் போனோம். வந்து எடுத்தால், ஒட்டியிருந்த தோள் பட்டை கையோடு வந்துவிட்டது. குளூ கன் பசை சூட்டில் இளகும் என்பது தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அரங்கத்தின் ஒரு நடைபாதையில் தரையில் உட்கார்ந்தோம். அவர் பழைய பசையை நகத்தால் உரித்து எடுத்தார். ஃபோமில் ஊசியால் நான்கு துளை போட்டு, பட்டையைத் தடித்த நூலால் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே தைத்தார், மேலே இரண்டு சேஃப்டி பின். நூல் கறுப்பு, கவசம் வெள்ளி நிறம். தோளில் கைவைத்து ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு “ஆடாது, போ” என்றார். கழற்றும்வரை ஆடவில்லை. அந்தத் தையலை இன்றுவரை நான் பிரிக்கவில்லை. ஆகவே ஊசி, தடித்த நூல், சேஃப்டி பின், இருபக்க டேப், சூப்பர் குளூ, சின்னக் கத்தரிக்கோல் எல்லாம் ஒரு டப்பாவில் இருக்கட்டும். கத்தரிக்கோலை உள்ளே விடுவார்களா என்று மட்டும் விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். சுமை தாங்கும் இடத்தைப் பசையை மட்டும் நம்பி விடாமல் தைத்துவிடுங்கள்.

வாள், துப்பாக்கி மாதிரிப் பொருள் இருந்தால் நுழைவில் சோதிப்பார்கள். உண்மையான உலோகக் கத்தியை அனேகமாக எங்கும் விட மாட்டார்கள். ஃபோமும் மரமும் பெரும்பாலும் போகும், சில இடங்களில் உறையிலிருந்து எடுக்க முடியாதபடி ஜிப் டை போட்டுக் கட்டிவிடுவார்கள்.

ஜோடியாகக் காஸ்ப்ளேவுக்குப் போகிறவர்கள் ஒரு பெண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. வந்தவர்கள் இருநூறு பேர் அளவுதான். அவர்களில் ஃபாரஸ்ட் அக்கர்மனும் அவருடைய தோழி மிர்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர்களின் உடையில் வந்தார்கள். ரசிகர் வட்டத்தில் மிர்டிலை மொரோஜோ என்று அழைப்பார்கள். இரண்டு உடைகளையும் தைத்தவர் அவர்தான். காஸ்ப்ளே என்ற சொல்லை ஜப்பானில் நோபுயுகி தகாஹாஷி உருவாக்கியது 1980களில். சொல் வருவதற்கு நாற்பது வருடத்துக்கு மேல் முன்பே ஒரு ஜோடி அதைச் செய்துவிட்டது. ஊசியும் நூலும் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மொரோஜோ ஞாபகம் வரும்.

உடை போட்டவரைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, தொடவே கூடாது. உடையே அனுமதி ஆகாது என்ற பலகையை நியூயார்க் காமிக் கான் 2014-ல் வைத்தது. இன்று பல கான்களில் அது எழுதப்பட்ட விதி. ஹேண்ட்லராக வரும் கணவர்களும் மனைவிகளும் இதைக் கவனிக்க வேண்டும். யாராவது அத்துமீறினால் நீங்களே சண்டைக்குப் போக வேண்டாம், தன்னார்வலரைக் கூப்பிடுங்கள்.

இப்போது பிரன்ச்சுக்கு வருகிறேன். அரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் உணவகத்தை விட்டுவிடுங்கள், அங்கேயும் வரிசைதான் நிற்கும். நடந்து போக இருபது நிமிஷம் ஆகிற, அரங்கத்துக்கு எதிர்த் திசையில் உள்ள ஓர் இடத்தைப் பாருங்கள். மேசையைப் பல நாள் முன்பே பதிவு செய்யுங்கள். ஞாயிறு பத்து மணி மேசை முதலில் தீர்ந்துவிடும். முடிந்தால் மூலை மேசை கேளுங்கள். முந்தின நாள் வாங்கிய புத்தகங்களை மேசையில் பரப்ப இடம் வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஆள் போய்வரக் கூடாது. ஒருவர் உப்பு வகை, ஒருவர் இனிப்பு வகை சொல்லுங்கள், பாதியில் தட்டை மாற்றிக்கொள்ளலாம். உட்கார்ந்ததுமே தண்ணீர் நிறைய குடியுங்கள், முந்தின நாள் குடித்திருக்க மாட்டீர்கள். உடையில் பிரன்ச்சுக்கு வராதீர்கள். இடுப்பை இறுக்கும் உடையில் சாப்பாடு இறங்காது, உதட்டுச் சாயமும் நிற்காது.

முதல் அரை மணி நேரம் போனைப் பையில் வையுங்கள். முந்தின நாள் பார்த்ததைச் சொல்லி முடித்த பிறகு வெள்ளிக்கிழமைக் காகிதத்தை எடுத்து, மிச்சம் இருப்பதில் ஒன்றை மட்டும் இரண்டு பேருமாகத் தேர்ந்தெடுங்கள்.

கானுக்குப் போய்ப் பழகிய பழைய ஆட்கள் ஆறு-இரண்டு-ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கம், இரண்டு வேளை சாப்பாடு, ஒரு குளியல். பிரன்ச் கனமாக இருந்ததே என்று இரண்டாவது வேளையை விட்டுவிடக் கூடாது. காலுக்குப் பழகிய செருப்போ ஷூவோ போடுங்கள், புதுசு வேண்டாம்.

ஞாயிறு மத்தியானம் நேராக ஆர்டிஸ்ட் ஆலிக்கு, அதாவது ஓவியர்கள் மேசை போட்டுத் தங்கள் படங்களை விற்கும் பகுதிக்குப் போங்கள். குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டவற்றைச் சனிக்கிழமையே வாங்கியிருக்க வேண்டும், ஞாயிறு வரை நிற்காது. ஆனால் மேசைக்குப் பின்னால் இருக்கும் ஓவியரோடு நின்று பேச ஞாயிறு மாதிரி நேரம் கிடையாது. படத்தைப் போனில் எடுக்கும் முன் கேளுங்கள். சில விற்பனையாளர்கள் சரக்கைத் திருப்பித் தூக்க மனமில்லாமல் கடைசி ஒரு மணி நேரத்தில் விலையைக் குறைப்பார்கள். தன் கையால் வரைந்து விற்கும் ஓவியரிடம் மட்டும் பேரம் பேச வேண்டாம்.

பிரிண்டுகளை உருட்டி வைக்க ஓர் அட்டைக் குழாயும், கையெழுத்து வாங்கிய இதழ்களுக்குப் பின்னால் அட்டை வைத்த உறையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மை காயும்வரை உறையை மூடாதீர்கள். திரும்பி வரும்போது குழாயை ரயிலிலோ பஸ்ஸிலோ மேல் தட்டில் வைக்க வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் இறங்கும்போது அதைத்தான் மறப்பீர்கள். இரண்டு பேரில் ஜன்னல் பக்கம் உட்காருகிறவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும்.