காலக்கணக்கைச் சீராக்கிய மூன்று கேள்விகள்
மென்பொருள் திட்டமொன்றை நான் நடத்தியபோது, குழுவினர் சொன்ன தேதிகள் தொடர்ந்து தள்ளிப்போயின. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும், எல்லாம் கைகூடினால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், தடங்கல் வந்தால் எத்தனை நாள் என மூன்றாகக் கேட்கத் தொடங்கினேன். 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் (PERT) என்னும் காலக்கணிப்பு முறைப்படி, நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 4, 6, 14 என்றால் விடை 7 நாள். கணக்கைவிடப் பெரிதும் உதவியது மூன்றாவது கேள்விதான். ‘ஏன் 14?’ என்று பொறுமையாக விசாரித்தபோது, சோதனை சர்வருக்கான அனுமதி வேறொரு பிரிவில் தேங்கிக் கிடப்பது தெரியவந்தது. அதை முன்கூட்டியே வாங்கி வைத்ததும் தாமதம் பெருமளவு குறைந்தது. மூத்தவர்கள் முன்னிலையில் இளையவர்கள் பெரிய எண்ணைச் சொல்லத் தயங்குவதால், தனித்தனியாகக் கேட்பது நல்லது.