பெட்டியில் இருக்கும் எண்ணை எப்படித் தப்பாகப் படிக்கிறோம்?

வட அமெரிக்க சரக்கு ரயில் பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் நிறுவனப் பெயரைப் பார்த்து, பெட்டி அவர்களுடையது என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பெட்டி கைமாறும்போது முழுவதும் புதிதாகப் பெயின்ட் அடிக்கச் செலவாகும். அதனால் பல நேரம் பழைய எழுத்தும் எண்ணும் இருந்த இடத்தை மட்டும் ஒரு கட்டமாக மறைத்து, அதன்மேல் புதியதை எழுதிவிடுவார்கள். பழைய சின்னம் அப்படியே நிற்கும். சொந்தக்காரரைக் காட்டுவது எண்ணுக்கு முன்னால் வரும் இரண்டு முதல் நான்கு எழுத்துகள், அதாவது ரிப்போர்ட்டிங் மார்க்.

அது எக்ஸ் என்று முடிந்தால் சொந்தக்காரர் ரயில் நிறுவனம் அல்ல. குத்தகைக்கு விடுபவராகவோ சரக்கு அனுப்பும் ஆலையாகவோ இருப்பார். இந்த விதியில் வசமாக மாட்டிக்கொண்டது சிஎஸ்எக்ஸ் ரயில் நிறுவனம், பெயரே எக்ஸில் முடிகிறதே! அதனால் அதன் பெட்டிகளில் சிஎஸ்எக்ஸ்டி என்று இருக்கும். மாடல் ரயில் பெட்டிகளில் சொந்தமாக டெக்கால் (எழுத்து, எண் ஒட்டுப்படம்) ஒட்டுபவர்கள் அந்த டி-யை விட்டுவிடக் கூடாது.

எண்ணை மட்டும் குறித்துக்கொண்டாலும் பயனில்லை. ஒரே எண் பல நிறுவனங்களிடம் ஓடும். மார்க்கோடு சேர்ந்தால்தான் அது ஒரு குறிப்பிட்ட பெட்டி. இது தெரிந்துமே மாடல் ரயிலில் ஒரே எண்ணோடு நான்கைந்து பெட்டிகளை வரிசையாக ஓட்டுகிறோம். கடைசி இலக்கத்தை மாற்றினால் போதும், ஆனால் மாற்றிய எண் அந்த வகைப் பெட்டிக்கான தொடருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், பக்கவாட்டில் மாற்றிவிட்டு இரு முனைகளை மறந்துவிடாதீர்கள், எண் அங்கேயும் இருக்கிறது.

காலமும் பொருந்த வேண்டும். பெட்டி கட்டப்பட்ட மாதமும் ஆண்டும் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும். 1950களைக் காட்டும் மாடல் ரயில் அமைப்பில் 1964-இல் கட்டிய பெட்டி ஓடினால், கண் கூர்மையானவர் உடனே பிடித்துவிடுவார். ஸ்கேனர் படிப்பதற்காக ஒட்டிய வண்ணக் கோட்டுப் பட்டைகளும் அப்படித்தான். 1967-இல் வந்தவை, 1970களின் இறுதியில் அந்த முறையையே கைவிட்டார்கள். பழைய பெட்டிகளில் அழுக்கேறிய பட்டைகள் அதற்குப் பிறகும் சில காலம் தங்கின, அதனால் 1980களின் மாடலில் அவை இருந்தால் தவறில்லை.

ஐரோப்பிய மாடல்களில் கடைசி இலக்கத்தை மாற்றும் தந்திரம் பலிக்காது. அங்கே எண்ணுக்கு 12 இலக்கங்கள். கடைசியில் கோட்டுக்குப் பின் வருவது சரிபார்ப்பு இலக்கம். முதல் 11 இலக்கங்களை இடமிருந்து 2, 1, 2, 1 என்று மாற்றி மாற்றிப் பெருக்க வேண்டும். விடை இரண்டு இலக்கமாக வந்தால் அவற்றையும் கூட்டி ஒன்றாக்கி, எல்லாவற்றின் கூட்டுத்தொகையை அடுத்த பத்தின் மடங்கிலிருந்து கழிக்க வேண்டும். 21 81 247 1 217-3 என்ற எண்ணில் 217-ஐ 218 ஆக்கினால் கடைசி 3, 1 ஆகிவிடும்.