‘மாநிலம் பிரிந்துபோகலாமா?’ என்ற தலைப்புக்கு மேடையில் பேசத் தயாராவது எப்படி

கொருக்குப்பேட்டையில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். “ஒன்றியத்திலிருந்து பிரிய மாநிலத்துக்குச் சட்டப்படி உரிமை உண்டா?” என்ற தலைப்பு வந்தால் குரல் உயரும், ஆதாரம் குறையும். எனக்கு அது பொறுக்காது. நம் பகுதிப் பிள்ளைகள் இந்தத் தலைப்பில் சட்டம் தெரிந்து பேச வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: சட்டத்தில் இருக்கிறதா, நியாயமா, நடந்திருக்கிறதா. தலைப்பு கேட்பது முதல் பத்தியை. வங்கதேசம் 1971-இல் பிரிந்தது மூன்றாவது பத்திக்குப் போகும். அதைச் சட்ட உரிமைக்குச் சான்றாக நீட்டினால் எதிரணி ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடும்.

அடுத்து, அந்தந்த நாட்டு அரசமைப்புச் சட்டத்தைத் திறந்து பாருங்கள். வெளிப்படையாக உரிமை தருபவை மிகச் சில. எத்தியோப்பியாவின் 1995 அரசமைப்பில் 39-ஆம் பிரிவு தருகிறது. சோவியத் ஒன்றியத்தின் 1977 அரசமைப்பில் 72-ஆம் பிரிவு தந்தது. ஆனால் குடியரசுகள் அதைக் கையில் எடுத்த நேரத்தில், 1990-இல், வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, ஐந்தாண்டு வரை இடைக்காலம் என்று தனிச் சட்டம் போட்டு வழியைக் குறுக்கினார்கள். உரிமை எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது, நடைமுறை என்ன என்றும் பாருங்கள்.

இந்தியாவுக்கு வரும்போது நிதானமாக நில்லுங்கள். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் தெளிவாகச் சொன்னார்: மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்து உருவான கூட்டாட்சி அல்ல இது, ஆகவே எந்த மாநிலத்துக்கும் பிரியும் உரிமை கிடையாது. இதோடு நம் அரசமைப்பின் 3-ஆம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு மாநிலத்தின் எல்லையை, பெயரை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம். சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2014-இல் ஆந்திர சட்டமன்றம் மறுத்தும் தெலங்கானா பிறந்தது. இப்படிப்பட்ட அமைப்புக்குள் பிரியும் உரிமை ஒளிந்திருக்கிறது என்று வாதிடுவது மிகக் கடினம். பேச்சில் இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.

நம்ம ஊர் வரலாற்றை விட்டுவிடாதீர்கள். ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் தொடங்கப்பட்ட தி.மு.க., தனி நாடாகத் திராவிட நாடு கேட்டது. 1962 மே மாதம் அண்ணா மாநிலங்களவையிலேயே அதைப் பேசினார். அடுத்த ஆண்டு அரசமைப்பின் 16-ஆவது திருத்தம் வந்தது, கட்சி கோரிக்கையைக் கைவிட்டது. “அந்தத் திருத்தம்தான் பிரியும் உரிமையைப் பறித்தது” என்று பல பிள்ளைகள் மேடையில் சொல்கிறார்கள். தவறு. பறிக்க அங்கே உரிமை எதுவும் இருக்கவில்லை. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு ஆகியவற்றுக்காகப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அது வழி செய்தது. தேர்தலில் நிற்பவர் அவற்றைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வைத்தது. அவ்வளவுதான்.

மாநில சுயாட்சியையும் பிரிவினையையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள். 1969-இல் தமிழக அரசு அமைத்த ராஜமன்னார் குழு ஒன்றியத்துக்குள் மாநிலத்துக்கு அதிக அதிகாரம் எப்படி என்றுதான் ஆராய்ந்தது. சுயாட்சி கேட்பவரைப் பிரிவினைவாதி என்பது அநியாயம், அதை மேடையில் உரக்கவே சொல்லுங்கள்.

வெளிநாட்டுத் தீர்ப்புகளில் இரண்டு போதும். டெக்சாஸ் எதிர் ஒயிட் வழக்கில் 1869-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒன்றியத்தை உடைக்க முடியாது என்றது. ஆனால் புரட்சி, அல்லது மற்ற மாநிலங்களின் சம்மதம் என்று இரண்டு வாசலைக் குறிப்பிட்டது. அந்த வரியைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கனடாத் தீர்ப்பு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1995-இல் நடந்த வாக்கெடுப்பில் பிரிந்துபோக வேண்டாம் என்றவர்கள் 50.58 விழுக்காடுதான். 1998-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: கியூபெக் தன்னிச்சையாகப் பிரிய முடியாது. ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால், மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தே ஆக வேண்டும். மக்களின் விருப்பத்தையும் மதித்து, சட்டத்தையும் விடாத தீர்ப்பு இது. உரிமை இல்லை என்பதும் வழியே இல்லை என்பதும் வேறு வேறு என்று காட்ட இதைவிட நல்ல பாயிண்ட் கிடைக்காது. எந்த அணியில் பேசினாலும் இதை வைத்திருங்கள்.

மறுப்புச் சுற்றில், செர்பியாவிலிருந்து பிரிவதாக அறிவித்த கொசோவோ கட்டாயம் வரும். 2010-இல் சர்வதேச நீதிமன்றம் தந்தது ஆலோசனைக் கருத்து. சுதந்திர அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்றது. பிரியும் உரிமை உண்டா என்ற கேள்வியைத் தீர்க்கவே இல்லை. “அந்தக் கேள்விக்கு நீதிமன்றம் எங்கே பதில் சொன்னது, காட்டுங்கள்” என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.