நானோ துகளும் சேமித்த ரத்தமும்: சோதனையில் சறுக்கும் இடங்கள்

சிவப்பணுக்களை எஸ்ஏஜிஎம் என்ற சேமிப்புக் கரைசலில் 2 முதல் 6 டிகிரி குளிரில் 42 நாள் வைத்திருக்கலாம். அதற்குள்ளேயே அணுவுக்கு ஆற்றல் தரும் ஏடிபி குறையும், பொட்டாசியம் வெளியே கசியும், கொஞ்சம் அணுக்கள் உடையும். நானோ துகள் சேர்த்து இதைத் தள்ளிப்போட முடியுமா என்று பார்க்க வரும் புதியவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் தடுக்கி விழுந்த இடத்திலேயே விழுகிறார்கள். கையுறை, லேபிள் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

தெளிந்த மேல்நீரை நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். சிவப்பணு உடைந்தால் ஹீமோகுளோபின் வெளியே வரும். மாதிரியை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் நீரில் ஹீமோகுளோபினை அளக்க உதவும் டிராப்கின் கரைசல் சேர்த்து, 540 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளப்போம். துகள் போடாத குழாயில் மேல்நீர் ரோஜா நிறம், போட்டதில் வெளிறியிருக்கும். உடனே ‘அணுக்கள் உடையவில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள்.

உடைந்துதான் இருக்கும். வெளியே வந்த ஹீமோகுளோபின் துகள்மேல் ஒட்டிக்கொண்டு, சுற்றும்போது அதோடு சேர்ந்து அடியில் போய்விடும். சிலிக்கா துகளோடு வேலை செய்த ஒரு மாணவி, சேமிப்புக் காலம் முழுக்க மாதிரி எடுத்து அழகான வரைபடத்தோடு வந்தார். “கொஞ்சம் ரத்தத்தைத் தண்ணியில உடைச்சு, சக்கையை வடிகட்டிட்டு, அந்த நீரை உன் துகளோட கலந்து சுத்திப் பாரும்மா” என்றேன். சிவந்த நீர் வெளிறிப்போனது. அடியில் படிந்த வெள்ளைத் துகள் பழுப்பாகியிருந்தது. யாரோ மனதாரக் கொடுத்த ரத்தம் அத்தனையும் வீண்.

அதனால் ரத்தப் பையைத் தொடுவதற்கு முன்பே, தெரிந்த அளவு ஹீமோகுளோபினைத் துகளோடு கலந்து, சுற்றிய பிறகு எவ்வளவு மேலே மிஞ்சுகிறது என்று பாருங்கள். அணு உடைந்தால் வெளியே வரும் எல்டிஎச் நொதியை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டால் போதாது, அதுவும் ஒட்டும், செயலிழக்கும். தங்கத் துகளில் பிழை எதிர்ப்பக்கம் போகும்: அதுவே 520 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியை உறிஞ்சுவதால், இல்லாத சிதைவு இருப்பதுபோல் தெரியும்.

பையை விட்டுக் குழாயில் சேமிப்பது

பிவிசி ரத்தப் பையிலிருந்து கசியும் டிஇஎச்பி என்ற பிளாஸ்டிசைசர் சிவப்பணுவின் சவ்வைக் காக்கிறது. பாலிபுரோப்பிலீன் குழாயில் அது கிடையாது. துகள் இல்லாத மாதிரி தானாகவே அதிகம் உடையும், உங்கள் துகள் சும்மாவே ஜெயிக்கும். அதே பிவிசியில் செய்த சின்னப் பைகளைப் பயன்படுத்துங்கள்.

வேறு வேறு ஆளின் ரத்தத்தை ஒப்பிடுவது

ஒரே பையை இரண்டாகப் பிரியுங்கள். பாதியில் துகள், பாதியில் வெறும் கரைசல்.

பிளேட்லெட் அடங்கிவிட்டதே என்று மகிழ்வது

ரத்தக்கசிவை நிறுத்த உதவும் பிளேட்லெட் 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே, வழக்கமாக 5 நாள் வைக்கப்படும். வெள்ளி நானோ துகள் பிளேட்லெட் திரளாமல் தடுக்கிறது என்று வாரணாசியின் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகக் குழு 2009இல் காட்டியது. சேமிப்புக்குக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோயாளியின் உடம்பிலும் திரளாவிட்டால் ரத்தக்கசிவு எப்படி நிற்கும்? சேமிப்பு முடிந்ததும், திரளத் தூண்டும் கொலாஜன் சேர்த்து, மறுபடி திரள்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

உப்பில் நீலமான தங்கத் துகள்

துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுவிட்டன என்று அர்த்தம். கொட்டிவிடுங்கள்.

முதல் வாரத்தோடு நிறுத்துவது

அப்போது எல்லா ரத்தமும் நன்றாகத்தான் இருக்கும். 42ஆம் நாள் வரை போங்கள். அன்றைக்குச் சிவப்பணுச் சிதைவு ஐரோப்பிய வரம்பான 0.8 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் 1 சதவீதம்.